குரல் ஒட்டும், கணக்கு ஒட்டாது: கன்ட்ரி பாட வரும் அக்கா தங்கைகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1989-இல் டல்லஸ் நகரத்தின் தெருமுனைகளில் நான்கு பெண்கள் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். பிடில் வாசித்த மார்ட்டியும் பாஞ்சோ வாசித்த எமிலியும் எர்வின் வீட்டு அக்கா தங்கை. தங்கை அப்போதுதான் பதினாறு, பதினேழு வயதுப் பெண். 1998-இல் டிக்ஸி சிக்ஸ் என்ற அந்தக் குழுவின் பெயர் அமெரிக்கா முழுக்கத் தெரிந்துவிட்டது. நடுவில் போன ஒன்பது வருடத்தைப் பற்றித்தான் யாரும் கேட்பதில்லை. பெரிய இசைத்தட்டு கம்பெனி எதுவும் கைகொடுக்காமல் மூன்று ஆல்பம் போட்டார்கள். கூடப் பாடிய இருவர் அடுத்தடுத்து விலகிப் போனார்கள். 1995-இல் நடாலி மெய்ன்ஸ் வந்து சேர்ந்த பிறகுதான் இன்று நாம் கேட்கும் அந்தக் குரல் சேர்க்கையே அமைந்தது.

கன்ட்ரி என்ற அமெரிக்க நாட்டுப்புற வேர் கொண்ட இசை உலகில் சகோதரிகளுக்கு ஒரு பிறவிச் சொத்து உண்டு. ஒரே வீட்டில், ஒரே பேச்சு வழக்கில் வளர்ந்த தொண்டைகள் சேர்ந்து பாடும்போது எங்கே ஒரு குரல் முடிகிறது, எங்கே அடுத்தது தொடங்குகிறது என்றே தெரியாது. ரத்த ஹார்மனி என்றே அதைச் சொல்வார்கள். ஆனால் அந்தச் சொத்து குரலோடு சரி. பாட்டு யாருடையது, பெயர் யாருடையது, பணம் யார் கையில் என்பதெல்லாம் பிறவியிலேயே தீர்ந்துவிடுவதில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது நம் ஊர்ப் பழமொழிதான், ஆனால் கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில்லில் மாட்டி வைக்க ஏற்றது.

ஒட்டுகிறதே என்று பயிற்சியை விடுவது

சூலமங்கலம் சகோதரிகளைக் கேட்டு வளர்ந்த காதுக்கு முதலில் ஒரு வித்தியாசம் சொல்ல வேண்டும். நம் சகோதரிகள் பெரும்பாலும் ஒரே ஸ்வரத்தில் சேர்ந்து பாடுவார்கள். கன்ட்ரியில் ஒருத்தி மெட்டைப் பிடிக்க, இன்னொருத்தி அதற்கு மேலே, மூன்றாமவள் கீழே என்று இடைவெளி விட்டு நடப்பார்கள். வீட்டில் சின்னவளுக்குக் கீச்சுக் குரல் என்பதற்காக எட்டு வயதில் மேல் பாகத்தைக் கொடுத்துவிடுவார்கள். அவளுக்குப் பதினைந்து வயதாகி, குரல் கனத்த பிறகும் அதே பாகம், அதே சுருதி. பெண் குழந்தைகளுக்கும் குரல் மாறும் என்பதை மறந்துவிட்டு, 'இவள் இப்போது கத்துகிறாள்' என்று குறை வேறு. சுருதியைக் குறைத்து, பாகங்களை மாற்றிப் போட்டுப் பார்ப்பதற்கு ஒரு மாலை போதும்.

இன்னொரு சின்ன விஷயம். கன்ட்ரி பாட்டில் கண்ணீர் வராமல் இருக்காது. 'டியர்ஸ்' என்ற சொல்லை மூன்று பேரும் இழுத்துப் பாடி, கடைசி 'ஸ்' ஒலியை ஆளுக்கொரு நேரத்தில் விட்டால், மைக்கில் பாம்பு சீறுகிற மாதிரி மூன்று முறை கேட்கும். தேர்ந்த குழுக்களில் ஒருத்தி மட்டும் அந்த 'ஸ்'-ஐச் சொல்வாள். மற்றவர்கள் உயிரெழுத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். இதெல்லாம் ரத்தத்தில் வராது, உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டியது.

வாத்தியம் கற்காமல் பாட மட்டும் வருவதும் இதே ரகம்தான். எர்வின் சகோதரிகளுக்குப் பாட்டுக்கு முன்னாலேயே கையில் வாத்தியம் இருந்தது. ஜார்ஜியாவின் லவெல் சகோதரிகளில் கடைக்குட்டி ரெபேக்கா 2006-இல், பதினைந்து வயதில், வட கரோலினாவின் மெர்ல்ஃபெஸ்ட் விழாவில் மாண்டலின் போட்டியை வென்றார். அதை வென்ற முதல் பெண் அவர்தான். வாசிக்கத் தெரிந்தவர்களை 'அழகான குடும்பக் காட்சி' என்று யாரும் தள்ளிவிட முடியாது; ஒவ்வொரு மேடைக்கும் ஆள் வைத்துக் கூலி கொடுக்கவும் வேண்டாம்.

பாட்டு யாருடையது என்று எழுதி வைக்காதது

என்னைக் கேட்டால் மற்ற எல்லாத் தவறுகளையும்விடப் பெரியது இதுதான். இப்படி நினைத்துப் பாருங்கள். அடுக்களை மேசையில் அக்கா ஒரு பாட்டு எழுதிக்கொண்டிருக்கிறாள். தட்டு கழுவிக்கொண்டே தங்கை ஒரு வரியை வேறு மாதிரி முனகுகிறாள். அந்த முனகல்தான் பல்லவியாகிறது. நடுவிலிருப்பவள் ஒரு சொல்லை மாற்றுகிறாள். பாட்டு பதிவாகும்போது படிவத்தில் அக்கா பெயர் மட்டும். அன்றைக்கு யாருக்கும் வருத்தமில்லை.

மூன்று வருடம் கழித்து அந்தப் பாட்டு வானொலியில் ஓடுகிறது. அமெரிக்காவில் ஏஎம், எஃப்எம் நிலையங்கள் ஒரு பாட்டைப் போட்டால், எழுதியவருக்கும் பதிப்புரிமை வைத்திருப்பவருக்கும்தான் பணம். பாடியவருக்கு ஒரு சென்ட் கூடக் கிடையாது. இணைய வானொலியிலும் செயற்கைக்கோள் வானொலியிலும் மட்டும் பாடுபவருக்குப் பங்கு உண்டு. விற்கும் ஒவ்வொரு குறுந்தட்டுக்கும், காசு கொடுத்து இறக்கிக்கொள்ளும் ஒவ்வொரு பிரதிக்கும் பாட்டொன்றுக்கு 2025-இல் 12.7 சென்ட் என்று சட்டம் விதித்த தொகையும் எழுதியவர் பக்கம்தான் போகிறது. ஆகவே மூவரும் சேர்ந்து பாடிய பாட்டுக்கு அக்கா பேருக்கு மட்டும் காசோலை வருகிறது. தங்கைகளுக்கு அது துரோகம் மாதிரி தெரியும். அக்காவுக்கோ தான் எழுதியதற்குக் கூலி. இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் சண்டை தீராது.

இதற்கு வைத்தியம் ஒரு தாள்தான். ஸ்ப்ளிட் ஷீட் என்பார்கள்: பாட்டின் பெயர், தேதி, யாருக்கு எத்தனை சதவீதம், கையெழுத்து. பாட்டு முடிந்த அன்று இரவே எழுதிவிட வேண்டும், வெற்றி வந்த பிறகு அல்ல. முதல் ஒன்றிரண்டு ஆல்பம் வரைக்கும் மூவருக்கும் சமபங்கு என்று போட்டுவிடுவது நல்லது என்பேன். துல்லியமான நியாயம் அதில் இல்லைதான். ஆனால் முனகலுக்கு எத்தனை சதவீதம் என்று தராசு பிடிப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்பாவே மேனேஜர்

தொடக்கத்தில் வேறு வழியில்லை. வேன் ஓட்டுவது அப்பா, ரசிகர்களுக்குச் சட்டை விற்கும் மேசையில் அம்மா. தவறு அங்கே இல்லை. சம்பளம் என்ன, எந்தக் கணக்கில், எப்போது முடியும் என்று எழுதாமல் விடுவதில் இருக்கிறது. வெளியார் மேனேஜர் பொதுவாக வருமானத்தில் 15 முதல் 20 சதவீதம் எடுப்பார், நிகழ்ச்சி பிடித்துத் தரும் ஏஜென்ட் 10 சதவீதம். அப்பாவுக்கும் அப்படி ஒரு எண் இருந்தாக வேண்டும்.

லீஆன் ரைம்ஸ் சகோதரிக் குழு அல்ல, தனிப் பாடகி. ஆனால் அவர் கதை இங்கே பொருந்தும். பன்னிரண்டு வயதில் போட்ட ஒப்பந்தத்தை எதிர்த்து 2000-இல், பதினெட்டு வயதில், அவர் நீதிமன்றம் போனார். அதே வருடம் அவரும் அவர் அம்மாவும் சேர்ந்து, 70 லட்சம் டாலருக்கு மேல் எடுத்துக்கொண்டதாகச் சொல்லி அப்பா மீதே வழக்குப் போட்டார்கள். பிறகு சமாதானமாகிவிட்டது. குழந்தை நட்சத்திரம் ஜாக்கி கூகனின் சம்பாத்தியத்தைப் பெற்றோர் செலவழித்துவிட்டதால்தான் 1939-இல் கலிஃபோர்னியாவில் அவர் பெயராலேயே சட்டம் வந்தது. இன்று அங்கே சிறார் கலைஞரின் வருமானத்தில் 15 சதவீதம் தனிக் கணக்கில் பூட்டப்பட வேண்டும். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்திலும் அதைச் செய்துகொள்ளத் தடையில்லை.

முன்பணத்தைச் சம்பளம் என்று நினைப்பது

கம்பெனி தரும் முன்பணம் கடன் மாதிரி. பதிவுச் செலவோடு சேர்த்து ராயல்டியில், அதாவது விற்பனையில் பாடுபவருக்கு வரும் பங்கில், கழித்துக்கொண்ட பிறகுதான் மீதி. கோடிக்கணக்கில் தட்டு விற்ற டிக்ஸி சிக்ஸுக்கே இதில் மனக்கசப்பு. 2001-இல் அவர்களுடைய கம்பெனியான சோனியும் அவர்களும் மாறி மாறி வழக்குப் போட்டு, 2002-இல்தான் சமரசமாகி, சோனிக்குள்ளேயே ஓப்பன் வைட் என்று சொந்த இசைத்தட்டு முத்திரை கிடைத்தது. அவர்களுக்கு வழக்கு நடத்த வசதி இருந்தது.

அலபாமாவின் மஸில் ஷோல்ஸ் பகுதியிலிருந்து வந்த லாரா, லிடியா ரோஜர்ஸுக்கு அது இல்லை. நாஷ்வில்லில் ஒரு குரல் தேர்வுக்கு லாரா போனார். பிறகு தங்கையும் வந்து சேர, சீக்ரட் சிஸ்டர்ஸ் பிறந்தது. 2010-இல் முதல் ஆல்பம், பின்னால் பெரிய கம்பெனி, பெரிய தயாரிப்பாளர்கள். இரண்டாவது ஆல்பத்துக்குப் பிறகு கம்பெனி கைவிட்டது. முன்னாள் மேனேஜரோடு வழக்கு, கடைசியில் திவால். லாரா வீடு சுத்தம் செய்யும் வேலைக்குப் போனார். பாடகி பிராண்டி கார்லைல் தயாரிக்க, ரசிகர்கள் காசு போட, 2017-இல் திரும்பி வந்தார்கள். ஒப்பந்தத்தைப் படிக்கும் வக்கீல் கம்பெனியோ மேனேஜரோ கைகாட்டிய ஆளாக இருக்கக் கூடாது. மேனேஜர் ஒப்பந்தத்தில் நுழையும் பக்கத்தைவிட வெளியேறும் பக்கத்தை இரண்டு முறை படிக்க வேண்டும்.

பெயரையும் வானொலியையும் நம்பி இருப்பது

'இன்னார் சிஸ்டர்ஸ்' என்று பெயர் வைத்தால் ஒரு சகோதரி விலகும் நாளில் பெயரும் தள்ளாடும். லவெல் சகோதரிகளில் அக்கா ஜெசிக்கா ஒதுங்கியபோது அந்தக் குழு முடிந்தது. ரெபேக்காவும் மேகனும் 2010-இல் லார்கின் போ என்ற புதுப் பெயரில், முதல் படியிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. (பிற்பாடு கிராமி விருது வரைக்கும் போனார்கள், அது வேறு.) விலகுபவர் பெயரைப் பயன்படுத்தலாமா, பழைய பாட்டுகளில் பங்கு தொடருமா என்பதைக் குழு ஒப்பந்தத்தில் முதலிலேயே எழுதிவிட வேண்டும். படிப்பு, கல்யாணம், குழந்தை என்று விலகுவதற்குக் காரணம் எப்போதும் வரும்.

வானொலி பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. 2015-இல் ஒரு வானொலி ஆலோசகர் வெளிப்படையாகவே சொன்னார்: கன்ட்ரி நிலையங்கள் சாலட் மாதிரி, ஆண் பாடகர்கள் கீரை, பெண்கள் நடுநடுவே தூவும் தக்காளி. பெண் குரல்களை அடுத்தடுத்துப் போடாதே என்பது பல நிலையங்களின் எழுதாத விதி. மூன்று பெண் குரல் கொண்ட குழு அந்தக் கதவையே தட்டிக்கொண்டிருந்தால் வயதுதான் போகும். பிடில் போட்டிகள், பாஞ்சோவும் பிடிலும் முன்னிற்கும் புளூகிராஸ் இசை விழாக்கள், யூடியூப் இவையெல்லாம் மாற்று வழிகள். ஸ்வீடன் நாட்டுச் சகோதரிகள் கிளாரா, ஜோஹன்னா இருவரும் காட்டில் உட்கார்ந்து பாடிய ஒரு காணொளி 2008-இல் பரவித்தான் ஃபர்ஸ்ட் எய்ட் கிட் குழுவை உலகம் கவனித்தது.

பயணம்

1953-இல் டேவிஸ் சிஸ்டர்ஸ் என்று இரண்டு கென்டக்கிப் பெண்கள். உண்மையில் சகோதரிகள் இல்லை, பள்ளித் தோழிகள். ஸ்கீட்டர், பெட்டி ஜாக். முதல் பெரிய பாட்டு அப்போதுதான் வெளியாகியிருந்தது. ஆகஸ்ட் 1 அன்று மேற்கு வர்ஜீனியாவின் வீலிங் நகரில் நிகழ்ச்சியை முடித்துவிட்டு, இரவோடு இரவாக ஊர் திரும்பினார்கள். சின்சினாட்டி அருகே விபத்து. பெட்டி ஜாக் அங்கேயே இறந்துபோனார். அந்தப் பாட்டு கன்ட்ரி பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

இன்றும் சின்னக் குழுக்கள் மோட்டல் காசை மிச்சம் பிடிக்க நள்ளிரவில் வேனைக் கிளப்புகின்றன, ஓட்டுவது பெரும்பாலும் காலையிலிருந்து தூங்காத அப்பா. மேடைக்கூலி கைக்கு வந்ததும் மோட்டல் வாடகையை முதல் செலவாக எழுதிவிட்டு, மீதியைத்தான் அக்கா தங்கைகள் பங்கு போட வேண்டும்.