செனான் கிட் வாங்கும் முன் வயரிங்கைப் பாருங்கள்

பழைய காரில் ஹெட்லைட் மங்கலா? ஹாலோஜனைவிட அதிக வெளிச்சம் தரும் செனான் விளக்குக்குச் செலவழிக்கும் முன், ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் மின் ஸ்விட்ச்) வைத்த ஹெட்லைட் வயரிங் செட் போட்டுப் பாருங்கள். இருக்கிற ஹாலோஜன் பல்பே பளிச்சென்று எரியலாம்.

முதலில் சோதனை: எஞ்சினை ஓடவிட்டு லோ பீம் போடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி பிளஸ்ஸிலும், மறுமுனையை பல்ப் கனெக்டரின் பின்பக்கமாக லோ பீம் பின்னிலும் (pin) வையுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு வயரிங்கில்தான்.

இரண்டு 55 வாட் பல்புக்கான சுமார் 9 ஆம்பியரும் மெல்லிய வயர், ஸ்விட்ச் வழியாகச் சுற்றி வருகிறது. 13.5 வோல்ட் கிடைக்க வேண்டிய பல்புக்கு 12தான் கிடைத்தால், வெளிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு காலி. ரிலே இருந்தால் கரன்ட் 2.5 சதுர மி.மீ. வயரில் பேட்டரியிலிருந்து நேராக வரும், ஸ்விட்சும் சூடாகாது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் கட்டாயம். எர்த் வயரை பெயின்ட் சுரண்டிய இடத்தில் இறுக்குங்கள், பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

லென்ஸ் மஞ்சளித்திருந்தாலோ ரிஃப்ளெக்டர் பூச்சு உரிந்திருந்தாலோ இது பலன் தராது. கம்ப்யூட்டர் வழியாக ஹெட்லைட்டை இயக்கும் புதுக் கார்களில் வயரைத் தொடாதீர்கள். பல்ப் எச்சரிக்கை விளக்கு எரிய ஆரம்பிக்கலாம்.