கூறைச்சேலையைப் பேணிவைக்கும் முறை

ஜோன் எஃப். கென்னடியை 1953 செப்டெம்பரில் மணந்த ஜாக்குலினின் திருமணக் கவுனை, தஃபெட்டா என்னும் பட்டுத்துணியில் ஏறத்தாழ 50 யார் கொண்டு தைத்தவர் ஆன் லோ. திருமணத்துக்குப் பத்து நாள் முன்னர் தையற்கூடத்துக்குள் தண்ணீர் புகுந்து அந்தக் கவுன் பாழாகிவிட, அவர் மறுபடியும் இரவுபகலாகத் தைத்துக் கொடுத்தார். பட்டுக்கு நீர் எத்தகைய பகை என்பதை யாழ்ப்பாணத்தில் ஐப்பசி, கார்த்திகை மழையில் அலுமாரியைத் திறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

கூறைச்சேலையில் படிந்த வியர்வையும் சந்தனமும் பின்னர் பழுப்புக் கறையாக மாறுமாதலால், திருமணம் முடிந்த வாரத்திலேயே உலர்சலவைக்குக் கொடுங்கள். கடை தந்த பொலித்தீன் பையை உடனே அகற்றிவிட்டு, கஞ்சி போடாத பழைய வெள்ளை வேட்டியில் சேலையைச் சுற்றுங்கள். பொலித்தீன் ஈரத்தை உள்ளேயே அடைத்துவைப்பதால் சரிகை கறுக்கும். பூச்சி உருண்டையைச் சரிகையில் படவிடாமல், சிறு துணிமுடிச்சாக அலுமாரியின் மூலையில் வைத்தாற் போதும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை சேலையை விரித்து, நிழலில் ஒரு மணிநேரம் காற்றாடவிட்டு, பழைய மடிப்பிலிருந்து நாலு விரல் தள்ளிப் புதிதாக மடியுங்கள். ஒரே மடிப்பில் ஆண்டுக்கணக்காகக் கிடக்கும் பட்டு அந்தக் கோட்டிலேயே கிழியும். என் அம்மம்மாவின் கூறை தலைப்பில் அப்படித்தான் கிழிந்தது.