ஒரே ஒரு எழுத்து மியூட்டேஷனை வெள்ளி நானோகிளஸ்டரோட கலர வச்சு கண்டுபிடிக்கிறது எப்படி?

சிக்கிள் செல் நோய்ல பீட்டா குளோபின் ஜீன்ல ஜிஏஜின்னு இருக்க வேண்டியது ஜிடிஜி ஆயிடுது, அவ்ளோதான், ஒரே எழுத்து. நீலகிரி பழங்குடி மக்கள்கிட்ட சிக்கிள் செல் இருக்குன்னு 1952லயே பதிவாயிருக்கு. சாதாரண ஒளிர்வு புரோப் (நாம தேடுற டிஎன்ஏல போய் ஒட்டுற குட்டி டிஎன்ஏ இழை) போட்டா வெளிச்சம் கூடும் குறையும், ஆனா குறைஞ்சது மியூட்டேஷனாலயா இல்ல சாம்பிள்ல டிஎன்ஏவே கம்மியான்னு குழப்பம் வரும். கலரே மாறுச்சுன்னா அந்த சந்தேகம் பெரும்பாலும் போயிடும், அதனாலதான் இந்த முறைய கத்துக்கங்கன்னு சொல்றேன். அமெரிக்காவுல லாஸ் அலமோஸ் ஆய்வகக் குழு 2010ல இந்த வெள்ளி நானோகிளஸ்டர் (சில வெள்ளி அணுக்கள் சேர்ந்த குட்டிக் கொத்து) புரோப கொண்டுவந்து, 2012ல கலர் மாறுற மாதிரியும் செஞ்சு காட்டுனாங்க.

ஸ்டெப் 1: ரெண்டு புரோப் ஆர்டர் பண்ணுங்க. ஒண்ணோட நுனியில சி எழுத்து நிறைய இருக்கணும், வெள்ளி அங்கதான் ஒட்டும். இன்னொண்ணோட நுனியில ஜி நிறைய. டார்கெட்ல, அதாவது நாம சோதிக்கிற டிஎன்ஏல, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல உக்காரணும், மியூட்டேஷன் அந்த சந்திப்புக்கு கிட்டவே வரணும். ஜி கிட்ட வந்ததும் இருட்டா கிடந்த வெள்ளி சிவப்பா பளிச்சுனு எரியும், ஒரு எழுத்து மாறி ஜியோட இடம் லேசா நகர்ந்தாலே கலர் வேற ஆயிடும்.

ஸ்டெப் 2: 20 மில்லிமோலார் சோடியம் பாஸ்பேட் பஃபர், பிஹெச் 7க்கு கிட்ட. உப்பு, பிபிஎஸ் (உப்பு கலந்த பாஸ்பேட் பஃபர்), டிரிஸ் ஹெச்சிஎல் (குளோரைடு உள்ள இன்னொரு பஃபர்) எதுவுமே வேணாம், குளோரைடு இருந்தா வெள்ளி வெள்ளையா படிஞ்சு மொத்தமும் வீணாயிடும்.

ஸ்டெப் 3: சி புரோப் 15 மைக்ரோமோலார் எடுத்து, அதுக்கு மோல் கணக்குல 12 மடங்கு சில்வர் நைட்ரேட் சேர்த்து பத்து நிமிஷம் விடுங்க, அப்புறம் அதே 12 மடங்கு சோடியம் போரோஹைட்ரைடு ஊத்தி நல்லா குலுக்கி ராத்திரி முழுக்க இருட்டுல வைங்க. போரோஹைட்ரைட அப்பப்ப ஐஸ் தண்ணில புதுசா கரைக்கணும், ஹைட்ரஜன் வர்றதால அந்த டியூப் மூடிய இறுக்காதீங்க. கையில கிளவுஸ் கண்டிப்பா, சில்வர் நைட்ரேட் பட்டா தோல் கருத்துடும்.

ஸ்டெப் 4: மறுநாள் ஜி புரோபையும் டார்கெட்டையும் சேர்த்து, 95 டிகிரில ஒரு நிமிஷம் சூடாக்கி மெதுவா ஆற விடுங்க. நார்மல், மியூட்டன்ட், டார்கெட்டே இல்லாததுன்னு மூணு டியூபும் கட்டாயம் வேணும்.

ஸ்டெப் 5: ஒரு மணி நேரம் கழிச்சு 365 நானோமீட்டர் யூவி லைட்ல பாருங்க, யூவி கண்ணாடி போட்டுக்கிட்டு. கலர் வித்தியாசம் கண்ணுக்கு பிடிபடலன்னா ஸ்பெக்ட்ரோமீட்டர்ல உச்சி எந்த அலைநீளத்துல இருக்குன்னு எடுத்துக்கங்க, அப்பவும் ரெண்டும் ஒண்ணாவே இருந்தா புரோப் சந்திப்ப ஒரு எழுத்து தள்ளி திரும்ப டிசைன் பண்ணுங்க.

முதல்ல செயற்கை டிஎன்ஏல மட்டும் பழகுங்க. ரத்தத்துல நேரடியா வேணாம், அதுல குளோரைடும் புரதமும் ஏகப்பட்டது. அங்க பிசிஆர் (வேணுங்கிற டிஎன்ஏ துண்ட மட்டும் நகலெடுத்து பெருக்குறது) பண்ணித்தான் ஆகணும், பிசிஆர் பஃபர்லயும் பொட்டாசியம் குளோரைடு இருக்கும், டிஎன்ஏ சுத்தம் பண்ற காலம்ல (column) போட்டு சுத்தம் பண்ணிட்டு அப்புறம் புரோப்ல சேருங்க.