இலை வடிவில் கெண்டி செய்வதற்கு முன்

பதினாறாம் நூற்றாண்டில் பிரான்சில் வாழ்ந்த பெர்னார் பாலிசி என்னும் மட்கலைஞர், பல்லி, பாம்பு, மீன், சிப்பி, பெரணி இலை முதலியவற்றிலிருந்து நேரடியாக அச்செடுத்து, அவை ஈரத்தில் ஊர்வதைப் போலவே தோன்றும் தட்டுகளைச் செய்தார். சூளை அணைந்துவிடாமல் இருக்க வீட்டு மேசைகளையும் தரைப்பலகைகளையும் எரித்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்தத் தட்டுகளில் ஒரு பிடி உணவு வைக்க இடமில்லை என்றாலும், அவை பார்வைக்காகவே செய்யப்பட்டவை என்பதால் அதைக் குறையாகச் சொல்ல முடியாது. புழங்கும் பாத்திரம் என்று சொல்லி மண்ணையும் உலோகத்தையும் சேர்த்துச் செய்பவருக்கு இந்தச் சலுகை இல்லை.

இயற்கையிடமிருந்து தோற்றத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தத் தோற்றம் எந்த வேலைக்காக அமைந்தது என்பதை விட்டுவிடுவதே இத்துறையில் நான் அதிகம் காணும் தவறு. அரச இலையின் நீண்ட கூர்முனை மழைநீரை இலையிலிருந்து விரைவாக வடித்துவிடுகிறது. அந்த இலையைக் கெண்டியின் வயிற்றில் அழகாகப் பதிக்கும் பலர், மூக்கின் விளிம்பை உருண்டையாகத் தேய்த்துவிடுகிறார்கள். அதனால் ஊற்றி நிறுத்தும்போது கடைசித் துளி விளிம்பில் ஒட்டிக்கொண்டு மூக்கின் அடிப்பக்கமாக வழிந்து மேசைத் துணியை நனைக்கிறது. விளிம்பு மெல்லியதாகவும் கூர்மையாகவும் சற்றுக் கீழ்நோக்கியும் இருந்தால் ஒழுக்கு அறுந்து நிற்கும். மூக்கின் நுனி கெண்டியின் வாய்க்குக் கீழே இருந்தாலோ, வாய்வரை நிரப்புவதற்கு முன்பே மூக்கு வழியாக வழியத் தொடங்கிவிடும்.

இலை நரம்புகளைப் பதிப்பதில் உள்ள தவறு சிறியது. நரம்பு புடைத்திருப்பது இலையின் அடிப்பக்கத்தில்தான் என்பதால் அந்தப் பக்கமே மண்ணைத் தொட வேண்டும். ஆழமான பள்ளங்களைக் கிண்ணத்தின் உட்புறத்தில் அமைத்தால் அங்கே எண்ணெய்ப் பிசுக்குத் தங்கும். அவற்றை வெளிப்புறத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

உலோகம் சேரும் இடத்தில்தான் கணக்கு தேவைப்படுகிறது. உயர்ந்த வெப்பத்தில் சுட்டுக் கெட்டியாக்கும் ஸ்டோன்வேர் மண் ஈரநிலையிலிருந்து சுட்டு முடியும்வரை ஏறத்தாழ 12 சதவீதம் சுருங்குவதாகக் கொள்வோம். செம்பு மூடி பொருந்த 8 செ.மீ. வாய் வேண்டும் என்றால், பலரும் எட்டுடன் 12 சதவீதத்தைக் கூட்டி 8.96 செ.மீ. அளவில் வனைகிறார்கள். அது சுருங்கி 7.88 செ.மீ. ஆகிறது, மூடி உள்ளே இறங்காது. எட்டை 0.88 ஆல் வகுத்து, 9.09 செ.மீ. அளவில் வனைந்திருக்க வேண்டும். அப்படியும் சூளையில் ஒவ்வொரு மூலையிலும் வெப்பம் ஒன்றுபோல இருப்பதில்லை. ஆகவே மண்ணைச் சுட்டு, ஆறவிட்டு, அளந்த பிறகே உலோகத்தை வெட்டுவது நல்லது. கன்னானிடம் மூடியை முதலில் செய்து வாங்கிக்கொண்டு, பிறகு அதற்கேற்பப் பானை வனைய முயல்வது வீண் வேலை.

அவசரக்காரர்கள் உலோகத்தை மண்ணோடு சேர்த்தே சுட நினைப்பதுண்டு. செம்பு 1085 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். ஸ்டோன்வேரைச் சுடுவதோ 1200 முதல் 1300 டிகிரிவரை. புதுச்சேரியில் 1971-இல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கிய பிறகு அப்பகுதியில் வேரூன்றிய ஸ்டோன்வேர் மரபில் பழகியவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் சிறு மின்சூளை வைத்துத் தாமாகப் பழகுவோருக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. பித்தளை இன்னும் மோசமானது: அதிலுள்ள துத்தநாகம் 907 டிகிரியிலேயே கொதிக்கும் இயல்புடையது என்பதால், அது வெளியிடும் புகை மூச்சுக்குக் கேடு விளைவிப்பதோடு சூளையின் கம்பிச் சுருளையும் கெடுக்கும். கைப்பிடிக்கான துளைகளை மண் பாதி உலர்ந்து விறைத்த தோல்பதத்தில் இருக்கும்போதே, சுருக்கத்துக்கு இடம் விட்டு, போட்டுவிடுங்கள்.

பொருத்தும்போது எந்தப் பொருள் உள்ளே, எந்தப் பொருள் வெளியே என்று யோசிக்காமல் விடுவதும் விரிசலில் முடிகிறது. வெப்பம் ஏறும்போது செம்பு ஸ்டோன்வேரைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு விரிகிறது. மண் வளையத்துக்குள் இறுக்கமாகச் செருகிய செம்புக் குழாய், வெந்நீர் பட்டதும் விரிந்து மண்ணை உள்ளிருந்து தள்ளும். அழுத்தத்தைத் தாங்கும் சுடுமண் இழுவிசையைத் தாங்காது. வெளியே போட்ட பூண் இதற்கு நேர்மாறாகச் சூட்டில் தளரும். இரண்டுக்கும் இடையே தோல் வளையமோ பிரம்புச் சுற்றோ இருந்தால் அந்த அசைவை அது வாங்கிக்கொள்ளும். கைப்பிடியில் சுற்றிய பிரம்பு கை சுடாமலும் காக்கும். எப்பாக்சி பசையால் ஒட்டிவிட்டால் போதும் என்பவர்களுடன் நான் வாதிடுவதில்லை. சாதாரண எப்பாக்சி தேநீரின் சூட்டிலேயே இளகத் தொடங்கும் என்பதை அவர்களுடைய கெண்டியே ஒருநாள் சொல்லிவிடும்.

உணவு படும் பரப்பில் செய்யும் தவறைத்தான் மன்னிக்க முடியாது. பாசியையும் தளிரையும் நினைவூட்டும் பச்சைக்காக, மண் மேல் கண்ணாடிபோல உருகிப் படியும் பூச்சான கிளேஸில் செம்பு உப்பை அளவின்றிச் சேர்த்தால், எலுமிச்சையும் புளியும் தயிரும் அதைக் கரைத்து எடுக்கும். செம்பிலும் பித்தளையிலும் களிம்பு ஏறுவதும் புளிப்பினால்தான். அதற்காகத்தான் நம் வீடுகளில் அவற்றுக்கு ஈயம் பூசினார்கள். அங்கே ஈயம் என்பது வெள்ளீயம். பெயரைக் கேட்டுக் குழம்பி, காரீயம் கலந்த பற்றாசால் மூக்கின் மூட்டைப் பற்றவைப்பவர்கள் நஞ்சைத் தாமே உள்ளே வைக்கிறார்கள்.

கிளேஸின் மேல் ஓர் எலுமிச்சைத் துண்டை இரவு முழுவதும் வைத்துப் பாருங்கள். காலையில் அந்த இடம் வெளுத்திருந்தால் அந்தக் கிளேஸ் உணவுக்கு உதவாது. நிறம் மாறாவிட்டால் மட்டும் தேறிவிட்டதாகவும் கொள்ள முடியாது. 4 சதவீத அசெட்டிக் அமிலத்தை 24 மணி நேரம் ஊற்றி வைத்து, கரைந்து வந்த உலோகத்தை அளக்கும் ஆய்வகச் சோதனையே உறுதியானது. தேறாத கிண்ணத்தை உடைக்க வேண்டியதில்லை. பூ மிதக்கவிட அது பயன்படும்; ஆனால் உணவுக்கு ஆகாது என்று அதன் அடியில் அழியாதபடி எழுதிவிட்டுத்தான் விற்க வேண்டும்.