ஆய்வு மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுக்கும் முன்: கல்விப் பின்னணியையும் ஆய்வு ஆர்வங்களையும் வாசிக்கும் முறை

உளவியலிலோ சமூக விஞ்ஞானத்திலோ ஆய்வேடு எழுதவிருக்கும் மாணவர்கள், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும் ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்தாலும், மேற்பார்வையாளரைத் தேடும்போது பெரும்பாலும் பதவியையே பார்க்கிறார்கள். பேராசிரியர் இணங்காவிட்டால் சிரேஷ்ட விரிவுரையாளர் என்று படிப்படியாக இறங்கி வருகிறார்கள். ஆனால் உங்கள் கேள்வியை ஒருவர் எந்தக் கோணத்தில் அணுகுவார், எந்த முறையை உங்களுக்குப் பழக்குவார் என்பதை அவர் கற்று வந்த வழிதான் காட்டும்.

கல்விப் பின்னணியை இளமாணிப் பட்டத்திலிருந்து தொடங்கி மேல்நோக்கி வாசியுங்கள். இலங்கையில் உளவியல் நீண்டகாலம் மெய்யியல், கல்வியியல் ஆகியவற்றுடன் சேர்த்தே கற்பிக்கப்பட்டு வந்ததால், இன்று உளவியல் கற்பிக்கும் ஒருவரின் முதற்பட்டம் வேறொரு துறையில் இருப்பது குறையன்று. இளமாணிக்கும் கலாநிதிப் பட்டத்துக்கும் இடையில் துறை மாறியிருந்தால், அந்த மாற்றம் நிகழ்ந்த இடத்தில்தான் அவருடைய உண்மையான கேள்வி பிறந்திருக்கக்கூடும். கலாநிதி ஆய்வேட்டின் தலைப்பைத் தேடி எடுத்து வாசியுங்கள். பல ஆண்டுகள் உழைத்த அந்தத் தலைப்பை விட்டு முற்றாக விலகிப் போகிறவர்கள் மிகச் சிலரே.

போரில் கணவரை இழந்த பெண்களைப் பற்றி, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையில் ஆய்வு செய்ய விரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவப் பட்டம் பெற்று உளமருத்துவத்தில் சிறப்புப் பயிற்சி முடித்தவர் உறக்கம், நோயறிகுறி, சிகிச்சை ஆகியவற்றிலிருந்து தொடங்குவார். அளவுசார் உளவியலில் பயின்றவர், எந்த வினாக்கொத்தைப் பயன்படுத்துவது, அது தமிழில் செல்லுபடியாகுமா என்று கேட்பார். இந்தக் கேள்வியைச் சிறிதென்று எண்ண வேண்டாம்: போர் அனுபவங்களை அளக்கப் பல நாடுகளில் கையாளப்படும் ஹாவர்ட் மனவடு வினாக்கொத்து, முதலில் இந்தோசீன அகதிகளுக்காக உருவாக்கப்பட்டது. அதை வாகரையில் வாழும் ஒரு தாயிடம் அப்படியே வாசித்துக் காட்டி விடைகளைக் கூட்டிப் பார்ப்பதால் ஆய்வு ஆகிவிடாது. சமூகவியலாளர் காணி, வருமானம், உறவினர் ஆதரவு ஆகியவற்றைப் பார்ப்பார். உளவளத்துணையில் பயின்றவரோ, நேர்காணலின்போது அந்தப் பெண்ணுக்கு என்ன நேர்கிறது என்பதையே முதலில் கவனிப்பார்.

மானிடவியலாளர் இவற்றுக்கெல்லாம் வெளியேயும் போய் நிற்கலாம். பற்றீசியா லோறன்ஸ் 1990களில் மட்டக்களப்பில் செய்த களப்பணியில், அம்மன் கோயில்களில் தெய்வமாடி வாக்குச் சொல்வோரிடம் காணாமற்போனவர்களின் குடும்பத்தார் போய் நின்று கேட்பதைக் கவனித்தார். மருத்துவமனைப் பதிவேட்டை மட்டும் பார்ப்பவரின் கண்ணில் இந்தத் துயர்தீர்க்கும் வழி படுவதில்லை. யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், தனி மனிதரின் நோய் என்ற அளவில் நின்றுவிடாமல், குடும்பமும் சமூகமும் சேர்ந்து அனுபவிக்கும் கூட்டு மனவடுவைப் பற்றி எழுதியவர். ஆகவே பட்டத்தை வைத்து மட்டும் ஆளை முடிவுகட்டிவிடவும் கூடாது.

ஒரே இடத்தில் நீண்டகாலம் வேரூன்றிய ஆய்வார்வம் என்ன தரும் என்பதற்கு டென்னிஸ் மெக்கில்வ்ரே நல்ல உதாரணம். இந்த அமெரிக்க மானிடவியலாளர் அக்கரைப்பற்றில் தமிழரிடையிலும் முஸ்லிம்களிடையிலும் தாய்வழியாகக் குலம் தொடரும் குடி முறையை ஆராய்ந்தவர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் இக்கரையோரத்தில் வீடுகள் கட்டிக் கொடுக்கப்பட்டபோது, அவரும் லோறன்சும் அவற்றில் சீதனப் பிரச்சினையைக் கண்டார்கள். வீடு மகளுக்குப் போகும் வழக்கமுள்ள ஊரில், புதிய வீட்டின் உரிமைப்பத்திரம் யார் பெயரில் எழுதப்படுகிறது என்பது ஒரு குடும்பத்தின் எதிர்காலத் திருமணங்களையே மாற்றக்கூடும். குடி முறையை முன்பே அறியாத நிவாரண அலுவலருக்கு அது வெறும் நிர்வாகப் படிவம்.

இனி, ஆய்வு ஆர்வங்கள். துறைப் பக்கங்களில் பெரும்பாலும் பால்நிலை, சமாதானம், அபிவிருத்தி, உளநலம் என்று பெருஞ்சொற்கள் வரிசையாக நிற்கும். அவை ஒருவர் செய்ய விரும்புவதைக் காட்டலாம்; செய்துகொண்டிருப்பதைக் கட்டுரைகளே காட்டும். கடைசியாக வெளிவந்த இரண்டு மூன்று கட்டுரைகளை எடுத்து, முன்னுரையைத் தாண்டி ஆய்வு முறையியல் பகுதியை வாசியுங்கள். தரவை யார் சேகரித்தார், நேர்காணல் எந்த மொழியில் நடந்தது, எத்தனை பேரிடம் கேட்கப்பட்டது, ஒழுக்கவியல் மீளாய்வுக் குழுவின் அனுமதி பெறப்பட்டதா என்பவை அங்கே இருக்கும். ஒரு பக்கம் நிறைய ஆர்வங்களை அடுக்கியிருக்கும் ஒருவரின் கட்டுரைகள் எல்லாம் ஒரே வகையான வினாக்கொத்து ஆய்வாக இருந்தால், எண்களைவிட மக்களின் அனுபவத்தையும் பேச்சையும் ஆராயும் பண்புசார் ஆய்வுக்கு நீங்கள் வேறொருவரை நாடுவதே நல்லது.

கட்டுரைகளைத் தேடுவதில் நம் பெயர்கள் ஒரு தொல்லை. தந்தையின் பெயர் முன்னெழுத்தாகச் சுருங்கி நிற்பதாலும், ஒரே தமிழ்ப் பெயர் ஆங்கிலத்தில் பல விதமாக எழுதப்படுவதாலும், கூகுள் ஸ்காலரில் ஒருவரின் கட்டுரைகள் இரண்டு மூன்று பெயர்களில் சிதறிக் கிடக்கும். வேறொருவருடையவை கலந்தும் வரும். ஓர்கிட் எனப்படும் 16 இலக்க ஆய்வாளர் அடையாள எண் இருந்தால் அதைக் கொண்டு தேடுங்கள். தமிழில் எழுதப்பட்ட கட்டுரைகளை ஆங்கிலத் தேடுதளங்களில் மட்டும் தேடினால் பல தவறிப் போகும். இலங்கைத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் இணையத்தில் தரும் ‘நூலகம்’ என்ற தளத்தையும் பல்கலைக்கழக நூலகங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஒருவரைத் தேர்ந்த பின் எழுதும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகாமலிருக்கட்டும். அவருடைய எந்தக் கட்டுரையை வாசித்தீர்கள், அதில் எந்தக் கேள்வி திறந்தே நிற்கிறது, அதை நீங்கள் எந்த ஊரில், எவரிடம், எப்படிக் கேட்கப் போகிறீர்கள் என்பவற்றை எழுதுங்கள். புகழ்ச்சி வேண்டியதில்லை. உங்கள் பின்னணியையும் நேர்மையாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்: புள்ளிவிபரவியல் தெரியாவிட்டால் தெரியாது என்று எழுதுங்கள். சொந்த ஊரிலேயே ஆய்வு செய்யப் போகிறீர்கள் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள், ஏனெனில் உறவினரிடம் ஒப்புதல் பெறுவதும் அவர்கள் சொன்னதை இரகசியமாகக் காப்பதும் வெளியாருக்கு இருப்பதைவிடக் கடினமானவை.

நேரில் சந்திக்கும்போது, அவரைச் சேர் என்றோ மெடம் என்றோ மரியாதையாக அழைத்துக்கொண்டே, தயங்காமல் கேட்க வேண்டிய மூன்று விடயங்கள் உள்ளன. நேர்காணல் தருபவர் நடுவில் அழுது உடைந்துபோனால் யாரிடம் அனுப்புவது, அதற்கு மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் உளமருத்துவப் பிரிவுடனோ அருகிலுள்ள உளவளத்துணையாளருடனோ முன்கூட்டியே பேசி வைக்கலாமா? ஒலிப்பதிவுகள் யாரிடம் இருக்கும், எப்போது அழிக்கப்படும்? ஆய்வேட்டிலிருந்து கட்டுரை வெளிவந்தால் யாருடைய பெயர் முதலில் இடம்பெறும்? இம்மூன்றுக்கும் அவர் தரும் விடைகளை அன்றே எழுதி, உங்கள் ஆய்வு முன்மொழிவுடன் இணைத்து அவருக்கே ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள்.