மால்டாவில் பஸ்ஸிலேயே போய் கடற்குகையும் கற்காலக் கோயிலும் பார்க்கிறவர்கள் செய்யும் தவறுகள்

தலைநகர் வலெட்டாவில் டிரைட்டன் நீரூற்றுப் பக்கம் 74ஆம் நம்பர் பஸ் ஏறினால், தீவின் தெற்குக் கரையில் இருக்கும் புளூ குரோட்டோ கடற்குகைகளையும், அதற்கு மேலே குன்றில் இருக்கும் ஹஜர் ஈம், இம்னைத்ரா கோயில்களையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம். கார் வேண்டாம், டூர் பேக்கேஜும் வேண்டாம். ஆனால் நிறையப் பேர் வரிசையை மாற்றிப் போட்டுக் கெடுத்துக்கொள்கிறார்கள். கோயிலை முதலில் முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் குகைக்கு இறங்குகிறார்கள், அதற்குள் வெயில் திரும்பிவிடுகிறது. அந்தத் தண்ணீர் நீலமாக ஒளிர்வது காலை வெயில் குகைக்குள் விழும்போதுதான். மதியத்துக்குப் பிறகு அதே குகை, அதே படகு, ஆனால் நிறம் பாதிதான். அதனால் காலையில் கடல், பிறகு கோயில்.

கடல் நம் சொல் கேட்காது என்பதையும் மறந்துவிடுகிறார்கள். படகுகள் சின்னவை, அலை கொஞ்சம் பெரிதானாலே விட மாட்டார்கள், வானத்தில் ஒரு மேகம்கூட இல்லாத நாளிலும் இது நடக்கும். கிளம்பும் முன்பே படகு ஓடுகிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஓடவில்லையென்றால் சாலையோரத்தில் மேலிருந்து பார்க்கும் இடம் ஒன்று இருக்கிறது, அங்கிருந்து பெரிய பாறை வளைவு முழுதாகத் தெரியும்.

பஸ் விஷயம். நிறுத்தத்தில் சும்மா நின்றால் போதாது, கை காட்ட வேண்டும். டிரைவரிடம் வாங்கும் டிக்கெட் 2 மணி நேரம் செல்லும், அதற்குள் வேறு பஸ் மாறினால் மறுபடி காசு கொடுக்க வேண்டாம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இந்த வழியில் பஸ் அடிக்கடி வராது, கோடையில் நிரம்பி வந்தால் நிற்காமலே போய்விடும். ஆகவே திரும்பி வரக் கடைசி பஸ்ஸை நம்பி உட்காராதீர்கள்.

ஊர்ப் பெயரை எழுத்துப்படி படித்துக் கேட்டால் சட்டென்று புரியாமல் போகலாம். ஹஜர் கிம் என்று எழுதியிருப்பார்கள், அந்த 'க்' ஒலிக்காது, ஹஜர் ஈம் என்றுதான் சொல்ல வேண்டும். மால்டா மொழி அரபியின் உறவு, ஹஜர் என்றால் அங்கும் கல்தான்.

எல்லாவற்றையும்விட எனக்கு வருத்தம் தருவது, கோயிலை அரை மணி நேரத்தில் முடித்துவிட்டு வருவது. இவை எகிப்தின் பிரமிடுகளைவிட முந்தியவை, கி.மு. 3600 வாக்கில் தொடங்கியவை, உலோகக் கருவியே இல்லாத மக்கள் கட்டியது. ஹஜர் ஈமில் ஒரே கல் 20 டன் எடை. கூடாரம் போட்டு மறைத்துவிட்டார்களே என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். அந்தக் கல் மென்மையான சுண்ணாம்புக் கல், உப்புக் காற்றும் மழையும் அதை ஏடு ஏடாக உரித்துக்கொண்டிருந்தன, அதனால்தான் 2009இல் கூடாரம் வந்தது. தொட்டுப் பார்க்காதீர்கள்.

ஹஜர் ஈமோடு திரும்பிவிடுவது இன்னொரு பெரிய தவறு. அதே டிக்கெட்டில் இம்னைத்ராவும் சேர்த்திதான், கடலை நோக்கி 500 மீட்டர் இறங்க வேண்டும், அவ்வளவுதான். வழியில் நிழலே கிடையாது, திரும்பும்போது ஏற்றம், தண்ணீரும் தொப்பியும் கையில் இருக்கட்டும். அங்கே தெற்குக் கோயிலின் வாசலை, பகலும் இரவும் சமமாக இருக்கும் மார்ச், செப்டம்பர் நாட்களில் உதிக்கும் சூரியன் நேராக உள்ளே நுழையும்படி அமைத்திருக்கிறார்கள். கதிர் அயனம் மாறும் ஜூன், டிசம்பர் நாட்களில் வெளிச்சம் வாசலின் ஓரக் கற்களைத் தொடும். வாசலுக்கு நேரே நின்று உள்ளே பார்த்துவிட்டு வாருங்கள். மால்டாவின் 1, 2, 5 சென்ட் காசுகளில் இருப்பதும் இந்தக் கோயிலின் பலிபீடம்தான்.

சரி, இதோடு ஹால் சஃப்லியேனி நிலத்தடிக் கல்லறையையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தால், முன்பதிவு இல்லாமல் அங்கே போய் நிற்காதீர்கள். ஒரு தடவைக்குப் பத்துப் பேர் வரைதான் விடுகிறார்கள், பல வாரங்களுக்கு முன்பே டிக்கெட் தீர்ந்துவிடும். ஹஜர் ஈமில் தோண்டி எடுத்த பருத்த உடல் சிலைகளும் அசல் பலிபீடமும் தளத்தில் இல்லை, வலெட்டா தொல்பொருள் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அதை மறுநாள் காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.