ஒரே இலக்கத்தில் இரண்டு இஞ்சின்

அப்பப்பாவின் பிஸ்கட் தகரத்தில் 61 சிகரெட் அட்டைகள் இருந்தன, அந்தக் காலத்தில் சிகரெட் பெட்டிக்குள் வந்த சின்னப் பட அட்டைகள். எல்லாம் வில்ஸ் சிகரெட் கம்பனியின் அட்டைகள், எல்லாவற்றிலும் தலைப்பு 'ரயில்வே இஞ்சின்ஸ்'. இலக்கமிட்ட தொகுதி, தொகுதிக்கு 50 தான். அடுக்கினால் ஒரே இலக்கத்தில் இரண்டு வேறு இஞ்சின்கள் வருகுது.

அச்சுப்பிழை, அரிய சாமான் என்று முதலில் கொஞ்சம் துள்ளினேன். போனில் படம் தேடினால் இரண்டு விதமும் கலந்தே வந்தன. மூன்று நாள் வீண்.

பிறகுதான் ஞாபகம் வந்தது: தகரத்தைத் திறந்தபோது சில அட்டைகள் மட்டும் கட்டியாய் ஒட்டிக் கிடந்தன, கத்தி நுனியால் பிரித்தேன். ஒரே தகரம், ஒரே மாரி ஈரம். மற்றவை ஏன் ஒட்டவில்லை? பின்பக்கத்தை யன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தேன். ஒட்டினவற்றில் மட்டும் முத்திரையின் முதுகு மாதிரி மங்கலான பளபளப்பு. பசை!

வில்ஸ் இதே தலைப்பில் 1924 இலும் 1936 இலும் தலா 50 அட்டை வெளியிட்டிருக்கிறது. ஆல்பத்தில் நனைத்து ஒட்டவென்று பசை பூசினது 1936 தொகுதிக்கு. பசை உள்ளவை 38, இல்லாதவை 23. வேறாக அடுக்கினேன், ஓர் இலக்கமும் இரட்டிக்கவில்லை.

ஒட்டினதைத் தண்ணீரில் மட்டும் போடாதேங்கோ. நான் ஊறவிட்ட ஒன்றின் பின் எழுத்து பசையோடு போய்விட்டது.